தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அந்த டிசம்பரில் நிறைவேறிய சுதந்திரச் சட்டம் மலேசிய அரசமைப்பிலிருந்து தனக்கு வேண்டிய பிரிவுகளை எடுத்துக்கொண்டது. பேச்சுரிமை வந்தது, வழிபாட்டு உரிமை வந்தது. 13ஆவது பிரிவு மட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. போதிய இழப்பீடு இல்லாமல் ஒருவருடைய சொத்தை அரசாங்கம் கட்டாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது.

இன்றைய கிளமெண்டி அந்த ஒரு விடுபடலின் மேல்தான் நிற்கிறது என்பது என் கட்சி. வழக்கறிஞர் யாராவது மறுக்கக்கூடும். ஆனாலும் கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தின் உயர்ந்த நடைமேடையில் நின்று சுற்றிலும் பாருங்கள். எண் எழுதிய புளோக்குகள், சன்னலுக்கு வெளியே நீட்டிய கம்புகளில் துணிகள், கீழே 448ஆம் புளோக்கின் சந்தையும் உணவங்காடியும், பக்கத்திலேயே பலதுறை மருந்தகம். கம்பத்துச் சிற்றூர்களும் தோட்டங்களுமாக இருந்த தீவின் மேற்குப் பகுதியில் இவ்வளவும் 1970களின் பிற்பாதியில் சில ஆண்டுகளுக்குள் எழுந்தன. ரயில் 1988இல் வந்து சேர்ந்தது. நிலத்துக்குச் சந்தை விலை கொடுத்து, வழக்குகள் முடியக் காத்திருந்து, பிறகு கட்டியிருந்தால் இந்த வேகம் இருந்திருக்காது.

அந்த வேகத்தைக் கொடுத்தது 1966ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம். பொதுக் காரியத்துக்கு மட்டுமல்ல, குடியிருப்புக்கோ வணிகத்துக்கோ தொழிலுக்கோ தேவை என்றாலும் அரசாங்கம் நிலத்தை எடுக்கலாம். அந்தக் காரியத்துக்குத் தேவை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே அதற்கு முடிவான சான்று. சொந்தக்காரர் இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மேல்முறையீடு செய்யலாம். நிலத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்ல வழி மிகக் குறைவு.

1973இல் சட்டம் இன்னும் இறுகியது. இழப்பீட்டுக்கு இரண்டு விலைகளை ஒப்பிடுவார்கள். ஒன்று, 1973 நவம்பர் 30 அன்றைய விலை. மற்றது, அரசிதழில் அறிவித்த நாளின் விலை. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 1980இல் எடுத்த நிலத்துக்கும் அந்த 1973 விலை. பிறகு அந்தத் தேதி 1986க்கும், 1992க்கும், 1995க்கும் நகர்ந்தது. முழுச் சந்தை விலை என்ற கொள்கைக்குச் சட்டம் வந்து சேர்ந்தது 2007இல்தான். அதற்குள் நகரங்கள் பெரும்பாலும் கட்டி முடிந்துவிட்டன. 1960இல் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு அரசாங்கத்திடம் இருந்தது; 1985இல் அது 76 விழுக்காடு.

அரசாங்கம் சொன்ன நியாயம் எளிமையானது. சாலையும் சாக்கடையும் மின்சாரமும் பொதுப் பணத்தில் வருகின்றன. அதனால் நிலத்தின் விலை ஏறுகிறது. சும்மா இருந்த நிலக்காரர் அந்த ஏற்றத்தை ஏன் அள்ள வேண்டும்? அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜ் 19ஆம் நூற்றாண்டிலேயே கேட்ட கேள்விதான் இது. அவர் வரி போடச் சொன்னார். சிங்கப்பூர் நிலத்தையே எடுத்துக்கொண்டது. நிலம் போனவர்களில் பெரும் பணக்காரர்களும் இருந்தார்கள், ஒரு துண்டு காய்கறித் தோட்டத்தோடு வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். பின்னவர்களின் கணக்கை இந்த நியாயம் எங்கும் எழுதிவைக்கவில்லை.

அதே 1973 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு வந்தது. கேரளத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு மடாதிபதி போட்ட வழக்கு அது. இந்தியா 1950இல் சொத்தை அடிப்படை உரிமையாக்கியது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் நீதிமன்றத்தில் அடிபட்டதும் 1951இல் முதல் திருத்தம் வந்தது. பிறகு கோலக்நாத் வழக்கு, பிறகு கேசவானந்த பாரதி வழக்கு என்று இழுத்து, கடைசியில் 1978இன் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்தது. சிங்கப்பூர் ஒரே டிசம்பரில் தாண்டிய இடத்துக்கு இந்தியா வந்துசேர 28 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த 28 ஆண்டு வாதத்தில்தான், நாடாளுமன்றம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்ற கோட்பாடு பிறந்தது. தாமதம் வீண் போகவில்லை என்று இந்தியர்கள் சொன்னால் மறுப்பதற்கில்லை.

நிலம் எடுப்பது பாதிக் கதை. எடுத்த நிலத்தில் கட்டிய வீட்டை வாங்க, ஜூரோங் தொழிற்சாலை ஊழியரிடம் பணம் ஏது?

மத்திய சேம நிதியைக் கொண்டுவந்தது ஆங்கிலேய ஆட்சி, 1955இல். ஊழியர் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. ஓய்வுகாலத்துக்கு ஒரு சேமிப்பு, அவ்வளவுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல் தொடங்கியது. 1964இல் வீடுகளைச் சொந்தமாக விற்க முன்வந்தபோது வாங்க ஆள் குறைவு. முன்பணம் கட்டினால் சாப்பாட்டுக்குக் கை கடிக்கும். 1968இல் ஒரு விதி மாறியது. சேம நிதியில் இருக்கும் பணத்தை வீவக வீடு வாங்க எடுத்துக்கொள்ளலாம். கையில் வாங்கும் சம்பளத்தைத் தொடாமலேயே வீடு சொந்தமாகலாம் என்று ஆனது.

இதற்குப் பின்னால் ஓடும் சுற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரையில் என்னை அதிகம் வியக்கவைப்பது அதுதான். ஊழியரின் சம்பளத்திலிருந்து பணம் சேம நிதிக்குப் போகிறது. நிதி அந்தப் பணத்தில் அரசாங்கக் கடன் பத்திரம் வாங்குகிறது. அரசாங்கம் வீவகவுக்குக் கடன் கொடுக்கிறது. வீவக, மலிவாக எடுத்த நிலத்தில் வீடு கட்டி, அதே ஊழியருக்குக் கடனில் விற்கிறது. ஊழியர் மாதத் தவணையைத் தன் சேம நிதிக் கணக்கிலிருந்தே கட்டுகிறார். பணம் ஒரு வட்டம் சுற்றி வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் ஒரு நகரம் எழுந்திருக்கிறது. 1984இல் சேம நிதிப் பங்களிப்பு உச்சத்தைத் தொட்டபோது, 100 வெள்ளிச் சம்பளத்துக்கு ஊழியர் 25, முதலாளி 25 என்று 50 வெள்ளி நிதிக்குப் போனது. 1985இல் பொருளியல் சரிந்ததும், அடுத்த ஆண்டு முதலாளியின் பங்கை ஒரே வெட்டாக 10 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். தொழிற்சாலைகளின் செலவு குறைந்தது, ஊழியர் கையில் வாங்கும் சம்பளம் குறையவில்லை. ஓய்வுகாலத்துக்கு என்று வைத்த கணக்கு, பொருளியலின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு விசையாகவும் ஆகிவிட்டது.

1968க்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களைக் காலிசெய்யப்போவதாக அறிவித்தது. பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. அதே ஆண்டு வந்த வேலைநியமனச் சட்டமும் தொழில் உறவுச் சட்டத் திருத்தமும் முதலாளிகள் கையை ஓங்கவைத்தன. ஆள் எடுப்பது, நீக்குவது, பதவி உயர்த்துவது எல்லாம் தொழிற்சங்கம் பேரம் பேசும் வட்டத்துக்கு வெளியே போயின. ஊழியர்கள் பொறுத்துக்கொண்டதற்கு வீடு ஒரு காரணம் என்பதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு தரப்பு, சொந்த வீடு நாட்டின்மேல் பிடிப்பை உண்டாக்கியது என்கிறது. மறு தரப்பு, மாதத் தவணை உள்ளவர் வேலைநிறுத்தத்துக்குப் போக மாட்டார் என்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன என்று எனக்குப் படுகிறது.

மற்ற ஏற்பாடுகளையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. 1963 பிப்ரவரியில் நடந்த கோல்ட்ஸ்டோர் கைதுகள் இடதுசாரி எதிர்க்கட்சியின் முதுகெலும்பை உடைத்தன. 1968 தேர்தலில் 58 இடங்களில் 51க்குப் போட்டியே இல்லை. எல்லா இடமும் மக்கள் செயல் கட்சிக்கு. 1974 செய்தித்தாள் சட்டம் பத்திரிகைகளின் நிர்வாகப் பங்குகள் யாரிடம் இருக்கலாம் என்பதை அரசாங்கத்தின் அனுமதிக்குள் கொண்டுவந்தது.

இங்கேதான் ஆசியாவின் பழைய பட்டிமன்றம் வருகிறது: முதலில் வளர்ச்சியா, முதலில் ஜனநாயகமா? 1992இல் மணிலாவில் பேசிய சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் இயூ, வளரும் நாட்டுக்கு ஜனநாயகத்தைவிட ஒழுங்குதான் அதிகம் தேவை என்ற பொருளில் வாதிட்டார். பொருளியலாளர் அமர்த்திய சென் அதை மறுத்து எழுதினார். கெடுபிடி ஆட்சி வளர்ச்சியைத் தரும் என்பதற்குப் பொதுவான சான்று கிடையாது, பொறுக்கியெடுத்த சில நாடுகளை வைத்துச் சொல்கிறார்கள் என்றார். ஆய்வாளர்களும் பல நாடுகளின் புள்ளிவிவரங்களோடு இறங்கினார்கள். 1959இல் சீமோர் லிப்செட், செல்வம் பெருகிய நாடுகளில் ஜனநாயகம் நிலைக்கிறது என்றார். 1997இல் ஆடம் ஷெவோர்ஸ்கியும் ஃபெர்னாண்டோ லிமோங்கியும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். செல்வம் சர்வாதிகாரத்தைக் கவிழ்ப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எப்படியோ வந்துவிட்ட ஜனநாயகத்தைச் செல்வம் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. 2019இல் டாரன் அசெமோக்லுவும் கூட்டாளிகளும் எதிர்த்திசையில் அளந்தார்கள். ஜனநாயகத்துக்கு மாறிய நாட்டில், மாறாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட, 25 ஆண்டுகளில் தலா வருமானம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுகிறது என்றார்கள்.

இவை சராசரிகள். எந்தச் சராசரிக்கும் பொருந்தாமல் நிற்கும் புள்ளியாகச் சிங்கப்பூர் அந்த வரைபடங்களில் தனியே தொங்கும். பட்டிமன்றத் தலைப்பே சரியில்லை என்று நினைக்கிறேன். பெரிய சீர்திருத்தத்தில் சொத்து கைமாறுகிறது. அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், பின்னால் வந்த வளர்ச்சி எந்த மாதிரி அரசியலைக் கிளப்பியது என்பது ஓரளவு புரிகிறது.

தென் கொரியாவும் தைவானும் இதைத் தெளிவாகக் காட்டும். கொரியா 1949, 1950இல் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்து, மிஞ்சியதைக் குத்தகை உழவர்களுக்குக் கொடுத்தது. தைவான் 1949இல் குத்தகை வாரத்தை விளைச்சலில் 37.5 விழுக்காடாகக் குறைத்தது. 1953இல் உழுபவருக்கே நிலம் என்றது, நிலக்காரர்களுக்கு அரசாங்க நிறுவனங்களின் பங்குகளையும் கொடுத்து ஈடுகட்டியது. இரண்டும் அப்போது கெடுபிடி ஆட்சிகள். அண்டையில் கம்யூனிசம் நிற்கும் பயத்தில்தான் இதைச் செய்தன. ஆனால் நிலம் உழவர் பெயருக்கே எழுதப்பட்டது. அவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். 1987 ஜூனில் சோல் தெருக்களில் நேரடித் தேர்தல் கேட்டு நின்ற கூட்டத்தில் அந்தத் தலைமுறையும் இருந்தது. தைவானில் ராணுவச் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் நீங்கியது.

பிலிப்பீன்சில் தேர்தல் இருந்தது, நிலம் கைமாறவில்லை. 1986இல் மார்கோஸை விரட்டி ஆட்சிக்கு வந்த கோராசோன் அக்கினோ 1988இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். ஆனால் நாடாளுமன்றம் நிலக்காரக் குடும்பங்களால் நிறைந்திருந்தது. அக்கினோவின் குடும்பத்துக்கே லுயிசிட்டா என்ற பெரிய கரும்புத் தோட்டம் சொந்தம். அதைப் பிரித்துக் கொடுக்க அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முடிவான உத்தரவு 2012இல்தான் வந்தது.

இலங்கைக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1972இல் அங்கே 50 ஏக்கருக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1975இல் கம்பெனித் தேயிலைத் தோட்டங்களும் அரசுடைமையாயின. காகிதத்தில் பார்த்தால் சிங்கப்பூர் செய்ததும் இதுதான், நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஆனால் அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களுக்கு ஒரு துண்டு நிலமும் வரவில்லை. காரணம் பொருளியலில் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகி, வாக்கையும் இழந்திருந்தார்கள். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. வாக்கில்லாதவருக்கு வீட்டுமனை கொடுக்க எந்தக் கட்சிக்கும் அவசரம் இருக்காது. மிச்சமிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல்.

சிங்கப்பூரில் வரிசை தலைகீழ். 1957 குடியுரிமைச் சட்டம், நெடுநாள் இங்கே வாழ்ந்த வெளிநாட்டவரும் விசுவாச உறுதிமொழி எடுத்துக் குடிமக்களாக வழிவிட்டது. சீனாவில் பிறந்த லட்சக்கணக்கானவர்கள் அப்போது பதிந்துகொண்டார்கள், தமிழர்களும்தான். 1959இல் வாக்களிப்பு கட்டாயமானது. நிலச் சட்டமும் வீடும் அதற்குப் பிறகுதான் வந்தன. வீடு கொடுத்தால் வாக்கு வரும் என்பது எந்த ஆட்சியாளருக்கும் புரிகிற கணக்கு. அந்தக் கணக்குக்கு முதலில் அவர்களிடம் வாக்கு இருந்தாக வேண்டும். அப்போது பதிந்துகொள்ளாதவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குச் செம்பவாங் கடற்படைத் தளம் சாட்சி. தளம் மூடியபோது வேலையும் போய், குடியுரிமையும் இல்லாமல், அங்கிருந்த தமிழர்கள், மலையாளிகள் பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள்.

தமிழ்நாட்டையும் ஒரு வரி பார்த்துவிடலாம். தஞ்சை வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக் கொடுமை நடந்தது 1968 டிசம்பரில். 1971இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. வயல் கிடைக்கவில்லை, வீட்டடி மட்டும் கிடைத்தது. மிராசுதார் "வெளியே போ" என்று சொல்ல முடியாத ஒரு மனை கிடைத்தால் கூலி பேசும் குரலே மாறும் என்பதைத் தஞ்சை வயல்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மறுபடி நம்மூருக்கு வருவோம். கொரிய உழவருக்குக் கிடைத்தது நிலம். கிளமெண்டிக்காரருக்குக் கிடைத்தது 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அரசாங்கத்துடையது, கட்டடத்தைப் பராமரிப்பதும், மின்தூக்கியைப் புதுப்பிப்பதும், பக்கத்தில் ரயில் வருவதும் அரசாங்கம் எடுக்கும் முடிவுகள். ஆக, வீட்டின் மதிப்பு அரசாங்கத்தின் நல்லெண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. 1970இல் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் 29 விழுக்காடு, 1980இல் 59, 1990இல் 87.5. இப்படி ஒரு நடுத்தர வர்க்கம் வளர்ந்தால் அது சோல் மாதிரித் தெருவில் இறங்குமா? இறங்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை.

1981 அக்டோபர் 31 ஆன்சன் இடைத்தேர்தலைப் பாருங்கள். தொகுதியில் பிளேர் பிளேன் பகுதியில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. கொள்கலன் முனைய விரிவுக்காக அவற்றைக் காலிசெய்யச் சொன்னார்கள். மாற்று வீட்டுக்கு முன்னுரிமை இல்லை என்ற கோபம் அங்கே இருந்தது. பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம், யாழ்ப்பாண வேர் கொண்ட வழக்கறிஞர், சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆனார். வளர்ச்சிக்குத் துறைமுகம் வேண்டும், துறைமுகத்துக்கு நிலம் வேண்டும், நிலத்தில் வாக்காளர் இருக்கிறார். 1984 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்கு இறங்கியது.

பதில் சில ஆண்டுகளில் வந்தது, அதுவும் வீட்டின் வழியாகவே. 1988இல் நகர மன்றச் சட்டம், புளோக்குகளின் பராமரிப்பைத் தொகுதி உறுப்பினர்களிடம் ஒப்படைத்தது. எதிர்க்கட்சிக்கு வாக்களித்தால் குப்பை அள்ளுவதும் மின்தூக்கியைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு, யோசித்துப் போடுங்கள் என்பது அதன் உள்ளர்த்தம். அதே ஆண்டு, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிகள் வந்தன. 1997 தேர்தலில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: ஆளுங்கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கு மேம்பாட்டுத் திட்டத்தில் முன்னுரிமை. ஜனநாயகத்தில் வாக்கு நலத்திட்டத்தை வாங்குவது எங்கும் உண்டு. இங்கே அது புளோக் எண் வரைக்கும் இறங்கியது.

2011இல் அழுத்தம் திசை மாறி அரசாங்கத்தின்மேல் பாய்ந்தது. வீட்டு விலை ஏறிவிட்டது, தேவைக்கேற்பக் கட்டும் பிடிஓ வீடுகளுக்கு வரிசை நீண்டது. ஆளுங்கட்சிக்கு 60.1 விழுக்காடு வாக்கு. அல்ஜுனிட் குழுத்தொகுதி பாட்டாளிக் கட்சிக்குப் போனது. தேசிய வளர்ச்சி அமைச்சர் மாறினார், புதிய வீடுகளின் எண்ணிக்கை கூடியது, விலையைத் தணிக்கும் நடவடிக்கைகள் வந்தன. 2015இல் வாக்கு 69.9க்கு ஏறியது. 2020இல் கிளமெண்டிக்குப் பக்கத்து வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் வித்தியாசம் சில விழுக்காட்டுக்குச் சுருங்கியது.

ஒரு கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும். நிலத்தை மலிவாக எடுக்கும் இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தால், அதை விற்றுக் காசு பார்க்க யாருக்கும் தோன்றாதா? தோன்றியது. வீவகவின் தலைமை நிர்வாகியாக இருந்து தேசிய வளர்ச்சி அமைச்சரான தே சியாங் வான்மேல் 1986இல் விசாரணை நடந்தது. கையகப்படுத்தவிருந்த நிலத்தின் ஒரு பகுதியை ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ள உதவியதற்கும், இன்னொருவர் அரசாங்க நிலம் வாங்க உதவியதற்கும் மொத்தம் 10 லட்சம் வெள்ளி வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றம் ஏறும் முன்பே, டிசம்பரில், அவர் இறந்துவிட்டார். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952இல் ஆங்கிலேயர் தொடங்கியது. 1960இன் ஊழல் தடுப்புச் சட்டம் அதற்குப் பல் கொடுத்தது. வெஸ்ட் கோஸ்ட் உறுப்பினராக இருந்த முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை விதிக்கப்பட்டதும் அதே பிரிவின் விசாரணையில்தான். வாக்காளரிடம் போதிய அளவு பதில் சொல்லாத ஓர் அரசாங்கம், தன்னைத் தானே கட்டிப்போடும் ஒரு கயிற்றை விடாமல் வைத்திருந்தது. ஆசியாவில் கெடுபிடி ஆட்சி நடத்திய பலரும் விட்டுவிட்ட கயிறு அது. சுஹார்த்தோவின் இந்தோனேசியாவில் குடும்பத் தொழில்கள் வளர்ந்த விதத்தை 1998இல் உலகமே பார்த்தது.

தமிழ்க் குடும்பங்கள் வீடு விற்கும்போது இந்த அரசியல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். 1989இல் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் இந்தியர், மற்றவர்களுக்கு 15 விழுக்காடு, அக்கம்பக்க வட்டாரத்தில் 12 விழுக்காடு வரம்பு. மற்ற இனங்களுக்கும் இப்படி வரம்பு உண்டு; சீனர்களின் வரம்பு நிரம்பிவிட்டால், விற்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சுருங்குகிறது, விலையும் இறங்கும். இனக் குடியிருப்புகள் திரளாமல் காத்தது இந்த விதி; அதன் செலவில் ஒரு பங்கு, சிறுபான்மையினர் வீடு விற்கும்போது குறைந்து வாங்கும் விலையில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு முழுக்கவே வெளியே நிற்பவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். புதிய புளோக்குகளைக் கட்டும் ஊழியர்களில் கணிசமானோர் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். அவர்களுக்குச் சேம நிதி கிடையாது. அதற்குப் பதில் முதலாளி அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிறார். குடிமகனின் சம்பளத்தில் வீடாக மாறும் அந்தப் பங்கு, இவர்கள் விஷயத்தில் கருவூலத்துக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் காய்கறிப் பையோடு நடக்கும் கூட்டத்துக்கு, இந்தக் கட்டுரை பேசும் எந்தத் தேர்தலிலும் வாக்கு இல்லை.

கிளமெண்டியின் பழைய புளோக்குகளுக்கு வருகிறேன். 1979இல் தொடங்கிய குத்தகை 2078இல் முடியும். 2025 கணக்கில் மிச்சம் 53 ஆண்டு. 2019இலிருந்து, வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சேம நிதியிலிருந்து எடுக்கும் தொகைக்குக் கத்தரி. முப்பது வயதுக்காரர் இந்த வீட்டை வாங்கினால் அவருக்கு 83 வயதில் குத்தகை தீர்ந்துவிடும். அதனால் இளையவர்கள் தயங்குகிறார்கள். இதே கிளமெண்டியில், நிலையத்தை ஒட்டிய புதிய வீடுகளோ மறுவிற்பனையில் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கின்றன. குத்தகை முடிந்தால் வீடு இழப்பீடின்றி அரசாங்கத்துக்குத் திரும்பும். கேலாங்கில் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தரைவீடுகள் 2020 டிசம்பர் 31இல் அப்படித்தான் திரும்பிப் போயின.

2018 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஏறத்தாழ 70 ஆண்டு ஆன வட்டாரங்களில், மீதிக் குத்தகையை அரசாங்கத்துக்கு முன்கூட்டியே விற்கலாமா என்று குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். பழைய கையகப்படுத்தலில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அரசிதழே முடிவான சான்று. 1979 புளோக்குகளுக்கு 70 வயது ஆவது 2049இல். அன்றைக்கு அரசாங்கம் எந்த விலை சொல்லும், மேல்மாடியில் தனியாக வாழும் எண்பது வயதுக்காரரும் போன வாரம் வாங்கிய இளம் தம்பதியும் ஒரே பக்கம் வாக்களிப்பார்களா, தோற்ற தரப்பு எங்கே போகும் என்பதெல்லாம் இன்னும் எழுதப்படாத விதிகள். அவற்றை எழுதப்போகும் நாடாளுமன்றத்துக்கான தேர்தல்களில் இந்தப் புளோக்குகளே வாக்களிக்கப்போகின்றன.